முதுகு காட்டாத ஊர்

நின்றான்குளத்தில் ஒரு பாட்டு வெளிவந்த மறுநாள் காலையிலிருந்து ஊரில் ஒருத்தரும் இன்னொருத்தருக்கு முதுகு காட்ட முடியாமல் போயிற்று. வெளியூர்க்காரர்களுக்கு இது நம்பும்படியாக இருக்காது. ஆனால் நின்றான்குளத்தார் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வருஷம் குளம் நிறைந்ததே அவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது, வருஷத்துக்கு ஒன்று போதும், இரண்டாவதாக வருகிறதையும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட நேரம் எங்கே இருக்கிறது என்கிற மனசு அவர்களுக்கு.

பாட்டைப் போட்டது 'டிரான்ஸ்பார்மர்' என்கிற ராக் கோஷ்டி. அவர்கள் பாடிப் பழகின தகரப் பட்டறைக்குத் தலைமாட்டில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது, அது எந்நேரமும் ஒரே சுருதியில் 'ங்ங்ங்' என்று இரைந்துகொண்டிருக்கும், கிதார் வாசிக்கிற லூர்து அந்த இரைச்சலுக்குத்தான் தந்தியை முறுக்குவான், கரண்ட் போனால் சுருதியும் போய்விடும், அதனால் அந்தப் பேர். லூர்துவுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுகிறது. கீபோர்டு மைதீன் பேக்கரிக்காரன், அவன் விரல் பட்ட கட்டையெல்லாம் வனஸ்பதி வாசம் வீசும். பாடுகிறவன் சிவனணைஞ்சான். பஸ் ஸ்டாண்டில் நின்று "தூத்துக்குடி, தூத்துக்குடி, இடமிருக்கு, இடமிருக்கு" என்று ஆள் கூப்பிடுகிறதுதான் அவன் வேலை, அவன் கூப்பிட்டால் தூத்துக்குடியில் சோலி இல்லாதவன்கூட ஏறி உட்கார்ந்துவிடுவான், அப்படி ஒரு தொண்டை. டிரம்ஸ் அடிக்கிறவள் அவன் பெண்சாதி முப்புடாதி. பட்டறை அவளுடையது. டிரங்குப்பெட்டியும் அரிசி டின்னும் தட்டித் தட்டி வந்த கை, தாளத்தில் ஒரு மயிரிழை தப்பினாலும் அவளுக்குப் பொறுக்காது.

அவளுக்குப் பொறுக்காது என்பதுதான் கதையே. மேடையில் டிரம்ஸ் பின்னால், பாட்டுக்காரன் முன்னால். அணைஞ்சான் தாளத்தைத் தவறவிட்டால் முப்புடாதி கையிலிருக்கிற குச்சியை அவன் முதுகைப் பார்த்து எறிவாள். குறி தப்பவே தப்பாது. அவன் பாட்டை நிறுத்தாமல் நெளிவான், ஜனம் கைதட்டும். கல்யாண வீடுகளில் பாட்டுக் கேட்க வந்தவர்களைவிட இதைப் பார்க்க வந்தவர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள். அணைஞ்சானும் பல வருஷம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

சரி, பாட்டுக்கு வருவோம். ஊர்க் குளத்தங்கரையில் ஒரு கல் உண்டு, ஆளுயரம், அதிலே வில்லும் கையுமாக ஒருத்தன். மாடு பிடிக்க வந்த படையைத் தனியாளாக மறித்து நின்று செத்தவன். அவன் சொந்தப் பேர் என்னவோ, நின்றதால் நின்றான், அவனால் குளத்துக்கும் அந்தப் பேர், குளத்தால் ஊருக்கும் அந்தப் பேர். அவன் மேல் பழைய போர்ப்பாட்டு ஒன்று இருக்கிறது.

மாடு கொள்ள வந்தாரை மறித்து நின்றான்
மழையாக அம்பு வர மலைத்தானில்லை
மாற்றார்க்கு முதுகு காட்டான், மார்பு காட்டினான்

இந்த மூன்று வரியும் ஊரில் குஞ்சு குளுவானுக்கெல்லாம் தெரியும். நாலாவது வரி ஒன்று இருக்கிறதே யாருக்கும் தெரியாது. காரணம் சுண்டல். வருஷா வருஷம் நின்றானுக்கு மதியக் கொடை என்கிற விழா நடக்கும், அணைஞ்சான் வீட்டு ஆண்கள்தான் வழிவழியாகப் பாட்டைச் சொல்வார்கள், மூன்றாவது வரி முடிந்ததும் சுண்டல் அண்டாவின் மூடியைத் திறக்கிறது வழக்கம். மூடி 'டணார்' என்று கீழே விழுகிற சத்தத்திலும், "எனக்கு, எனக்கு" என்று ஊரே கையை நீட்டுகிற கூச்சலிலும் நாலாவது வரியை இதுவரை ஒரு காதும் கேட்டதில்லை. அணைஞ்சானும் அவன் அப்பனும் அவனுக்கு அப்பனும் அதைக் காற்றுக்குச் சொல்லிவிட்டு, கடைசி ஆளாகப் போய் அண்டாவின் அடியில் ஒட்டினதை வாங்கித் தின்றுவிட்டு வந்தவர்கள்.

அந்தப் போர்ப்பாட்டை ராக் பாட்டாகப் போடலாம் என்று சொன்னது முப்புடாதிதான். பட்டறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு பண்ண உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரியில் 'மாற்றார்க்கு' என்கிற சொல் அவள் தாளத்தில் உட்காரவில்லை.

"அந்தச் சொல்லு எதுக்கு? எடுத்துப் போடுங்க. முதுகு காட்டான், முதுகு காட்டான்னு மட்டும் வரட்டும். கேக்கவனுக்கு நரம்பு பொடைக்கணும்" என்றாள்.

"ஏட்டி, மாற்றார்னா எதிரி. எதிரிக்கு முதுகு காட்ட மாட்டான்னு அர்த்தம். அத எடுத்துட்டா யாருக்குக் காட்ட மாட்டான்னு தெரியாண்டாமா?" என்றான் அணைஞ்சான்.

"சண்டையில நிக்கவன் எதிரிக்குத்தான் காட்ட மாட்டான். பின்ன, டீ குடிக்கப் போன இடத்துலயா காட்டாம இருப்பான்?"

லூர்து கிதாரைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான். மைதீன், "மதினி சொல்லுறது தாளத்துக்கு நல்லாத்தான் வருது அண்ணே" என்று மெதுவாகச் சொன்னான்.

"சரி, எடுத்துக்கிடுங்க. ஆனா நாலாவது வரி ஒண்ணு உண்டு. அது மெதுவா வரணும். டிரம்ஸ் வேண்டாம், கிதார் வேண்டாம். நான் மட்டும் பாடுதேன்."

"அப்ப நான் என்ன செய்ய? கையக் கட்டிக்கிட்டு உங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"ஒரு வரிக்குத்தான."

"ஒரு வரின்னாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். பாட்டு மூணு வரியோட முடியுது, அம்புட்டுத்தான்."

அணைஞ்சான் மைக்கைப் பார்த்துத் திரும்பி, நாலாவது வரியை எடுக்க வாயைத் திறந்தான். 'ஊ' என்கிற முதல் எழுத்து வெளியே வந்ததோ இல்லையோ, குச்சி வந்து நடு முதுகில் விழுந்தது. கல்யாண வீடு இல்லை, கைதட்ட ஆளில்லை. டிரான்ஸ்பார்மர் மட்டும் இரைந்தது. அவன் குனிந்து குச்சியை எடுத்தான், கொண்டுபோய் டிரம் மேல் அலுங்காமல் வைத்தான்.

"இன்னிமே என் முதுக உனக்குக் காட்ட மாட்டேன்" என்றான்.

அந்தக் கோபத்திலேயே மூன்று வரியையும் பாடிக் கொடுத்தான், அதனாலேயே பாட்டு அப்படி அமைந்துபோயிற்று. சாயங்காலம் மைதீன் அதை நெட்டில் ஏற்றினான், பேக்கரி ஸ்பீக்கரில் போட்டான், பஸ் ஸ்டாண்டில் போட்டார்கள், குளிக்கிற இடத்தில் பாடினார்கள், படுக்கிறதற்குள் ஊரில் கேட்காத ஆள் பாக்கியில்லை. 'முதுகு காட்டான்! முதுகு காட்டான்!'

மறுநாள் முதலில் விஷயம் தெரிந்தது தாணுமூர்த்தி அண்ணாச்சியின் டீக்கடையில். அவர் பெஞ்சில் இருந்தவர்களிடம் பேசிவிட்டுப் பாய்லர் பக்கம் திரும்பப் பார்த்தார். கழுத்து திரும்பியது, உடம்பு திரும்பவில்லை.

"என்ன அண்ணாச்சி, சுளுக்கா?"

"தெரியலடே. திரும்ப மாட்டேங்கு."

கேட்டவன் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போகப் பார்த்தான், அவனுக்கும் திரும்பவில்லை, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து போனான். மத்தியானத்துக்குள் ஊர் சட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது. யாரும் பார்க்காத இடத்தில் எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம். ஒரு ஜோடிக் கண் நம் மேல் இருந்தால் அந்தக் கண்ணுக்கு முதுகைக் காட்ட முடியாது. அப்படியானால் எல்லாரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டால் ஆயிற்றே என்று கேட்கலாம். நின்றான்குளத்தில் கண்ணை மூடச் சொன்னால் எவன் மூடுவான்? 'எதுக்கு மூடச் சொல்லுதான்' என்று ஒரு கண்ணைத் திறந்து பார்க்காமல் இருக்க அந்த ஊரில் இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

ஆகவே ஊர் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. தெரு நடுவே நடக்கிற வழக்கம் போய், எல்லாரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நடந்தார்கள், கொஞ்ச நாளில் வெள்ளையடித்த வீட்டுக்காரன் எவன், காவியடித்தவன் எவன் என்பது சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும், ஆனால் பார்க்கத்தான் முடியாது. மினி பஸ்காரன் சீட்டையெல்லாம் கழற்றி இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு போட்டு, ஜன்னலுக்குத் தார்ப்பாய் அடித்தான். விடைபெற்றுப் போகிறவர்கள் பின்பக்கமாகவே நடந்து போனார்கள், "போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்" என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போக வேண்டியதாயிற்று, வழியனுப்புகிறவர்களும் உள்ளே போக முடியாமல், "பின்னால மாடு நிக்கு, வலது பக்கம் ஒதுங்குங்க, சாக்கடை, சாக்கடை" என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். அந்த ஊரில் விருந்தாளிகளை அவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னால் யாரும் வழியனுப்பினதில்லை.

சவரக்கடைப் பொன்னுலிங்கம் முன்பக்கம் மட்டும் முடி வெட்டினான், பின்பக்கத்தை எதிரே நின்றபடி கையை வளைத்துத் தடவி வெட்ட ஒருதரம் முயற்சி பண்ணினதில் அவன் மச்சானுக்குக் காதில் தையல் போட வேண்டியிருந்தது, அதோடு விட்டான், ஊரில் கிழவர்கள் உட்பட எல்லாருக்கும் பின்முடி தோள் வரைக்கும் வளர்ந்து, ஊரே ஒரு ராக் கோஷ்டி மாதிரி ஆகிவிட்டது. வாத்தியார் கரும்பலகைக்குத் திரும்ப முடியாமல் கையைப் பின்னால் வளைத்து எழுதினார், அவர் எழுதினது அவருக்கே தெரியாததால் பரீட்சையில் எல்லாரையும் பாஸ் போட்டார். கோயில் பூசாரி கொஞ்ச நாள் சாமிக்குப் பக்கவாட்டில் நின்று ஒரு கண் சாமிக்கும் ஒரு கண் ஜனத்துக்குமாகத் தீபாராதனை காட்டினார், அதிலேயே அவருக்கு மாறுகண் வந்துவிட்டது. கட்சிக் கூட்டத்துக்கு வந்த உள்ளூர்ப் பேச்சாளருக்கு முன்னால் ஜனம், பின்னால் நாற்காலியில் தலைவர்கள், எந்தப் பக்கமும் நிற்க முடியவில்லை, கடைசியில் மேடையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பேசினார், அவர் பேசினதிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று எதிர்க்கட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

கோழி திருட வந்த உள்ளூர்ப் பயல் ஒருத்தன், வீட்டுக்காரியின் கண்ணில் பட்டுவிட்டான். ஓட முடியவில்லை. பின்னாலேயே நடந்தான், அவளும் எதிரே நடந்தாள், ஊர் எல்லை வரைக்கும் பேசிக்கொண்டே போனதில் அவன் அவளுடைய சித்தி வழியில் தம்பி முறை என்று தெரிந்து, கோழியை அவளே அடித்துக் குழம்பு வைத்துப் போட்டாள். சண்டைகளும் அப்படித்தான், முதலில் யார் போகிறது என்கிற கேள்விக்கே இடமில்லாமல் போனதால், திட்டித் தீர்ந்த பிறகும் நின்றுகொண்டே இருக்க வேண்டும், நின்றால் பசிக்கும், பசித்தால் "சாப்பிட்டியா" என்று ஒருத்தன் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெளியூர்க்காரன் அந்தப் பாட்டைக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி ஒருத்தர் மட்டும் குளத்துத் தண்ணீரில் போட்ட மோரைக் குடித்துவிட்டு, குடித்த மாத்திரத்தில் ஊர்க்காரராகி, ஜீப் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போய், ஏறி, வந்த விஷயத்தையே மறந்து கும்பிட்டுக்கொண்டே போனார்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன என்று ஊரில் சும்மா பேசிக்கொண்டார்கள். நின்றான் கோபித்துக்கொண்டான் என்றார்கள், டிரான்ஸ்பார்மரில் கோளாறு என்றார்கள். அணைஞ்சான் சொன்ன சொல் முப்புடாதிக்கு மட்டும் காதிலேயே இருந்தது, அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அவளுக்கு வேறு கவலை. தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாட அணைஞ்சானுக்கு அழைப்பு வந்திருந்தது. பையைக் கட்டிவிட்டான். "போறேன்" என்று மட்டும் சொன்னான், எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவான். முப்புடாதி வாசற்படியில் வந்து நின்று அவனையே பார்ப்பாள். திரும்பி நடக்க முடியாமல் பின்னாலேயே போவான், கரண்ட் கம்பத்தில் இடிப்பான், ஆட்டுக்குட்டி மேல் மிதிப்பான், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்காருவான், அதற்குள் தூத்துக்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடும், நனைந்த வேட்டியோடு திரும்பி வந்து சோறு கேட்பான். மறுநாளும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் ஊருக்கெல்லாம் இடமிருக்கு என்று கூப்பிட்டவனுக்கு அந்த பஸ்ஸில் ஏற வழியில்லை. முப்புடாதி வந்து நிற்பாள், பார்ப்பாள். இமைக்கக்கூட யோசிப்பாள்.

இதற்கிடையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்துச் சுவரைச் சுற்றி எல்லாரும் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், நடுவில் யாரும் இல்லாததால் தலைவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

"பாட்டுப் போட்டவங்கதான் எடுக்கவும் செய்யணும்" என்றார் தாணுமூர்த்தி அண்ணாச்சி.

"பாட்டத் தலகீழா ஓடவிட்டா சரியாப் போகும். மோட்டார் காயில் தப்பாச் சுத்திட்டா நாங்க அப்படித்தான் அவுப்போம்" என்றான் லூர்து.

ஓடவிட்டார்கள். மனுஷர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் உள்ள ஆடுகளெல்லாம் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தன. லூர்துவை அதற்குப் பிறகு யாரும் யோசனை கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கு முப்புடாதிக்கு முதுகு வலி உயிர் போயிற்று. குனிந்து தகரம் தட்டுகிறவள், சாயங்காலமானால் முதுகு பலகை மாதிரி இறுகிவிடும், கல்யாணமான நாளிலிருந்து அணைஞ்சான்தான் தைலம் தேய்த்துவிடுவான், குச்சி எறிந்த நாளில்கூடத் தேய்த்திருக்கிறான். இந்தப் பாட்டு வந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. அவள் கட்டிலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறதைப் பார்த்துவிட்டு அவன் தைலப் பாட்டிலை எடுத்து வந்தான்.

"திரும்பு."

"எங்க திரும்ப? கண்ண மூடிக்கிடுங்க."

"ஒன்ன நம்பி நான் கண்ண மூடவா? குச்சி எங்க இருக்கு?"

"பட்டறையில இருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். சவத்த, தேச்சா தேயுங்க, இல்லன்னா போங்க."

அவன் கண்ணை மூடவில்லை. எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் அவளைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய், தடவித் தடவி வலிக்கிற இடத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்தான். அவன் முகம் அவள் தோளுக்கு மேல் வந்தது. யாராவது பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், ஆனால் இரண்டு பேருமே கோபமாகத்தான் இருந்தார்கள். தோளுக்கு மேல் இருக்கிற முகம் தெரியாது என்கிற தைரியத்தில் அவள் கேட்டாள்.

"அந்த நாலாவது வரி என்ன?"

தைலம் தேய்க்கிற கை நின்றது.

"இப்ப எதுக்கு?"

"சும்மா கேட்டேன். சொல்ல இஷ்டமில்லன்னா சொல்லாண்டாம்."

அவன் அவள் காதுக்குள் பாடினான். தாளமில்லாமல், மெதுவாக.

ஊரார்க்கு முதுகு காட்டி உயிர் விட்டானே.

டிரான்ஸ்பார்மர் இரைச்சல் தெரு தாண்டி வந்துகொண்டிருந்தது.

"அம்பு வார பக்கம் மார்பு" என்றான் அவன். "அப்ப முதுகு எந்தப் பக்கம் இருக்கும்? நம்ம பக்கம். பொறத்தால நிக்கது நம்ம ஆளுங்கிற தைரியம் இருந்தாத்தானட்டி ஒருத்தன் முன்னால போயி நிக்க முடியும்."

முப்புடாதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாட்டு எங்கே அறுந்தது, யார் அறுத்தது, எதைச் சேர்த்தால் ஊர் சரியாகும் என்பதெல்லாம் ஒரு வரியில் விளங்கிவிட்டது. ஊர் சரியானால் மறுநாள் காலையில் அணைஞ்சான் பையை எடுத்துக்கொண்டு எல்லாரையும் போலத் திரும்பி நடந்து போய் பஸ் ஏறிவிடுவான் என்பதும் அதே வரியில் விளங்கிற்று. ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டாள். தாணுமூர்த்தி அண்ணாச்சி, "என்னம்மா, வழி ஏதும் தெம்பட்டுதா?" என்று கேட்டபோது, "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி" என்றாள். பூசாரி மாறுகண்ணோடு எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கிப் போனாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை தன் அப்பனிடம் உப்பு மூட்டை தூக்கச் சொல்லி அழுதது, முதுகில் ஏறுகிற பிள்ளைக்கு முதுகு காட்டாமல் எப்படித் தூக்க, அந்த மனுஷன் பிள்ளையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றினான்.

ஒரு நாள் காலையில் அணைஞ்சான் வழக்கம்போலப் பையோடு கிளம்பினான், வழக்கம்போலப் பின்னால் நடந்தான், அவளும் வழக்கம்போலப் படியில் வந்து நின்றாள். அவன் கரண்ட் கம்பத்தில் இடித்துக்கொண்டு, பின்மண்டையைத் தடவிக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு, அலுத்துப்போன சிரிப்பு. நம் கண்ணுக்குக் கட்டுப்பட்டு ஒருத்தன் வீட்டில் கிடந்தால் அவனை நம்மோடு இருக்கிறான் என்று சொல்ல முடியுமா என்று அவளுக்குத் தோன்றிற்று. அந்த ஊரில் ஒருத்தரும் செய்யாததை அவள் செய்தாள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

தூத்துக்குடி பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது கேட்டது. பிறகு அது கிளம்பிப் போகிறது கேட்டது. அவள் திறக்கவில்லை.

"கண்ணுல தூசியா?" என்றது ஒரு குரல், முகத்துக்குப் பக்கத்தில். "ஊதி விடட்டா?"

திறந்தாள். பையும் கையுமாக எதிரே நின்றான்.

"தூசியில்ல. போங்கன்னுதான் மூடினேன்."

அவன் கொஞ்ச நேரம் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"நாளக் கழிச்சுக் கொடை. மைக்குல நான்தான சொல்லணும். முடிச்சுட்டுப் போறேன்" என்றான்.

"இந்த வருசம் பாட்டாவே பாடிருவோம். நாலு வரியும். எடுத்துப்போட்ட சொல்லையும் சேத்து."

"டிரம்ஸு?"

"நாலாவதுக்குச் சும்மா இருப்பேன்."

"நீயா?" என்றான். பிறகு, "சுண்டல்?" என்றான். அதுதான் பெரிய கேள்வி.

முப்புடாதி தாணுமூர்த்தி அண்ணாச்சியிடம் போனாள். அண்டா மூடி அவர் கையில்தான் இருந்தது.

"அண்ணாச்சி, இந்த வருசம் நாலாவது வரி முடிஞ்ச பொறவு மூடியத் தெறங்க."

"நாலாவதுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"எம்புட்டு நீளம்?"

"ஒரு வரிதான்."

"சுண்டல் ஆறிராதா?"

"ஆறாது அண்ணாச்சி."

"வழக்கத்த மாத்துனா சனம் என்னைய அடிக்க வரும்மா."

"வரட்டுமே. நீங்க என்ன, முதுகு காட்டவா போறீங்க?"

அண்ணாச்சி யோசித்துப் பார்த்துவிட்டு, அதில் உள்ள நியாயத்தை ஒத்துக்கொண்டார்.

கொடை அன்றைக்கு மேடையில் டிரான்ஸ்பார்மர் கோஷ்டி பின்திரையில் முதுகை ஒட்டிக்கொண்டு, குரூப் போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி ஒரே வரிசையில் நின்றது. அணைஞ்சானுக்குப் பக்கத்தில் அவன் பை. கரைமேல் தூத்துக்குடி பஸ் நின்றது, டிரைவர் சுண்டலுக்காக நிறுத்தியிருந்தான். ஊர் மொத்தமும் கைகோத்த மாதிரி வட்டமாக நின்றது, தோளில் புரளுகிற பின்முடியோடு. ஆடுகள் பின்னால் நடந்து நடந்து கூட்டத்துக்குள் வந்தன.

முதல் வரி போயிற்று, இரண்டாம் வரி போயிற்று. 'மாற்றார்க்கு' என்கிற சொல் வந்தபோது முப்புடாதியின் தாளம் கொஞ்சம் இடறி, அதற்கு இடம் கொடுத்து உட்காரவைத்தது. மூன்றாம் வரி முடிந்ததும் ஊர்க் கைகளெல்லாம் தானாக நீண்டன. மூடி விழவில்லை. அண்ணாச்சி இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வேர்த்து ஒழுக, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னடே ஆச்சு?" என்று ஒரு குரல் வந்தது. "செத்த சும்மா இருங்கவே" என்று இன்னொரு குரல் வந்தது. நின்றான்குளம் உண்டான நாளிலிருந்து முதல்தடவையாகக் கொடையில் அமைதி உண்டாயிற்று.

முப்புடாதி இரண்டு குச்சியையும் மடியில் வைத்துக்கொண்டாள். கை சும்மா இருந்தது. அந்தக் கை அப்படி இருந்து அவளே பார்த்ததில்லை.

அணைஞ்சான் திரையை விட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தான். பாடத் தொடங்கினான். 'ஊரார்க்கு' என்றபோது பக்கவாட்டில் இருந்தான். 'முதுகு காட்டி' என்றபோது அவன் தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, அவள் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் முதுகு முழுசாக அவளுக்கு நேரே வந்து நின்றது. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அந்த முதுகைக் காட்டிக்கொண்டே கடைசிச் சொல்லையும் பாடி முடித்தான்.

மூடி விழுந்தது. ஆனால் யாரும் அண்டா பக்கம் போகவில்லை. ஊரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, இத்தனை நாளும் சாய்ந்திருந்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்பன் முதுகில் தாவி ஏறிற்று. பொன்னுலிங்கம் ஊர்ப் பின்முடியையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். ஆடுகளுக்கு மட்டும் சரியாக இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

கரைமேல் பஸ் ஹாரன் அடித்தது. ஒருதரம் அடித்தது, இன்னொருதரம் அடித்தது.

முப்புடாதி அந்த முதுகையே பார்த்தாள். பை அவன் காலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இனிமேல் அவள் கண் அவனைக் கட்டாது. அவன் அப்படியே இறங்கிப் போகலாம், போனால் அவளுக்கு இந்த முதுகுதான் கடைசியாகத் தெரியும். அவன் நகரவில்லை, திரும்பவும் இல்லை. பஸ் மூன்றாவது தரமும் அடித்துப் பார்த்துவிட்டு, தன் முதுகை ஊருக்கே காட்டிக்கொண்டு போயிற்று.

"ஏட்டி முப்பி" என்றான் அணைஞ்சான், ஜனத்தைப் பார்த்தபடியே. மைக்கை அணைக்க மறந்துவிட்டான், ஊர் முழுக்கக் கேட்டது. "அந்தக் குச்சி கையில இருக்கா?"

"இருக்கு" என்றாள். "எறிய மாட்டேன்."

"எறியச் சொல்லல. நடு முதுகுல கொஞ்சம் சொறிஞ்சு விடு. எத்தன மாசமா அரிக்குது."